முன்பிரேக் விளக்கு சுவிட்ச்: மலைப்பாதைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் குமுளிப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் பிரேக் லைட் சுவிட்ச் கேட்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். ஏலத்தோட்ட வேலைக்குத் தினமும் மலையேறி இறங்குகிறவர்கள், கூடலூர், லோயர் கேம்ப் பையன்கள், கேரளப் பக்கமிருந்து இறங்கி வரும் வண்டன்மேடு, ஆனக்கரைக்காரர்கள் என்று எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். சுவிட்ச் வாங்க வருகிறவர்களில் பலருக்குச் சுவிட்ச் தேவையே இருப்பதில்லை. கடைக்காரன் சொல்லக்கூடாத செய்திதான் இது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

அண்ணே, முன்பிரேக்குக்கு என்று தனியாகச் சுவிட்ச் இருக்கிறதா? பின்னால் எரிவது ஒரே விளக்குத்தானே?

விளக்கு ஒன்றுதான், சுவிட்ச் இரண்டு. கையால் பிடிக்கும் முன்பிரேக் லீவரில் ஒன்று, காலால் மிதிக்கும் பெடலுக்கு அருகில் ஒன்று. இரண்டும் இணையாக ஒரே பல்புக்குப் போகின்றன. எதை அழுத்தினாலும் விளக்கு எரியும். அதனால்தான் ஒன்று செத்துப்போனாலும் பல நாள் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் முன்லீவருக்குச் சுவிட்சே வைக்கவில்லை. பெடலை மிதித்தால் மட்டும் எரியும். அப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு பழுது என்று அலைய வேண்டாம். லீவர் அடியிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் வெளியே வருகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

அது எங்கே இருக்கிறது? எப்படி வேலை செய்கிறது?

வலது கைப்பிடியில், லீவர் திரும்பும் மூட்டுக்கு அருகில் இருக்கிறது. டிரம் பிரேக் வண்டியில் சின்ன விரல்நுனி அளவில் கறுப்பு பிளாஸ்டிக் துண்டு, லீவர் பிடிப்பானுக்குள் செருகியிருக்கும். டிஸ்க் பிரேக் வண்டியில், லீவரை ஒட்டிப் பிரேக் திரவத்தை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கம் ஒரே ஒரு திருகில் சின்னப் பெட்டி மாதிரி தொங்கும். ஸ்கூட்டரில் ஹேண்டில் மூடியைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

வேலை செய்யும் விதம் பலர் நினைப்பதற்கு நேர் எதிர். லீவர் சும்மா இருக்கும்போதுதான் அதன் முனை சுவிட்சின் பட்டனை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். அப்போது மின்சாரம் தடைபட்டிருக்கும். லீவரைப் பிடித்தால் முனை விலகும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பட்டனை வெளியே தள்ளும், இணைப்பு சேர்ந்து விளக்கு எரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பழுதை உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பட்டன் அழுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்டால் விளக்கு எரியாது. லீவர் முழுதாகத் திரும்பி வராவிட்டால் விளக்கு அணையாது.

நான் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பின்னால் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு இது எளிது. வண்டியின் பின்புறத்தைச் சுவரையோ கடை ஷட்டரையோ ஒட்டி நிறுத்திச் சாவியைப் போட்டு லீவரை மட்டும் பிடியுங்கள். சுவரில் சிவப்பு கூடுகிறதா என்று கண்ணாடியில் தெரியும். பிறகு லீவரை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் மிதியுங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்திப் பார்ப்பது சோதனையே ஆகாது. ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும்.

முன்பிரேக் பிடித்தால் எரியவில்லை, பின்பிரேக்குக்கு எரிகிறது. பல்ப் போய்விட்டதா?

இல்லை. பின்பிரேக்குக்கு எரிகிறது என்றால் பல்ப், ஃபியூஸ், எர்த் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி) மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று அந்த விளக்கே சொல்லிவிட்டது. கோளாறு முன்சுவிட்சிலோ, அதற்குப் போகும் இரண்டு வயர்களிலோதான். ஆனாலும் பாதிப்பேர் முதலில் பல்பு மாற்றிவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள்.

இதற்கு இரு வயர் சோதனை செய்யுங்கள். சுவிட்சிலிருந்து இரண்டு வயர்களையும் மெதுவாக இழுத்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் தகட்டு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். சாவியைப் போட்டு, ஒரு சிறு வயர்த் துண்டால் அந்த இரண்டு முனைகளையும் இணையுங்கள். பின்விளக்கு பளிச்சென்று எரிந்தால் வயர் நன்றாக இருக்கிறது, குற்றவாளி சுவிட்ச்தான். எரியவில்லையென்றால் புதிய சுவிட்ச் போட்டும் பயனில்லை, வயர் எங்கோ அறுந்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால், இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, சுவிட்சின் இரண்டு கால்களில் தொட்டு லீவரைப் பிடித்தும் விட்டும் பாருங்கள். பிடித்தால் ஒலிக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த இரண்டு வயர்களில் ஒன்றில் சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து நிற்கும். அது ஹேண்டில்பாரின் இரும்பில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். ஹோண்டா வண்டிகளில் பொதுவாகக் கறுப்பு வயர் மின்சாரம் கொண்டுவருவது, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது விளக்குக்குப் போவது, முழுப் பச்சை எர்த். மற்ற நிறுவனங்களில் நிறங்கள் வேறு. நிறத்தை நம்பி வெட்டி ஒட்ட வேண்டாம்.

முன்பிரேக், பின்பிரேக் இரண்டுக்குமே எரியவில்லை. ஆனால் பின்விளக்கு எரிகிறதே?

பெரும்பாலான வண்டிகளில் பின்பக்க பல்பு 12 வோல்ட், 21/5 வாட். உள்ளே இரண்டு இழைகள். 5 வாட் இழை எப்போதும் எரியும் பின்விளக்கு, 21 வாட் இழை பிரேக் விளக்கு. ஒன்று அறுந்து இன்னொன்று எரிவது சாதாரணம். இரண்டு சுவிட்சுகளும் ஒரே நாளில் சாவது அபூர்வம், ஆகவே முதல் சந்தேகம் பல்பின்மேல்தான். அடுத்தது பல்பு உட்காரும் கிண்ணத்தின் துரு. ஹாரனும் சேர்ந்து செத்திருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு பக்கமாக மட்டுமே உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பிப் போட்டால் 21 வாட் எப்போதும் எரியும், பிரேக் பிடித்தால் 5 வாட் மட்டும் கூடும். பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் புரியாது.

பிரேக்கை விட்ட பிறகும் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. சுவிட்ச் ஒட்டிக்கொண்டதா?

சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன் லீவரை விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் அணைந்தால் சுவிட்ச் நல்ல சுவிட்ச், லீவர்தான் திரும்பி வரவில்லை. மூட்டு போல்ட்டில் மண்ணும் துருவும் ஏறியிருக்கும். கழற்றித் துடைத்துச் சிறிதளவு கிரீஸ் தடவினால் சரியாகிவிடும். டிரம் பிரேக் வண்டியில் கேபிள் துருப்பிடித்து இழுபட்டாலும், சக்கரத்துக்கு அருகில் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதைதான்.

இங்கே விளக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. லீவர் திரும்பவில்லை என்றால் பிரேக்கும் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். நடு ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையில் படாதபடி பின்பக்கத்தை ஒருவர் அழுத்திக்கொள்ள, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனத்துச் சுற்றினால் பிரேக் கட்டை (டிரம்மில் ஷூ, டிஸ்க்கில் பேடு) உரசிக்கொண்டிருக்கிறது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று புலம்பிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்கு விடை இந்த அணையாத சிவப்பு விளக்கில்தான் இருக்கும்.

தள்ளியும் அணையவில்லையா? முன்சுவிட்ச் வயரைக் கழற்றிப் பாருங்கள். அணைந்தால் முன்சுவிட்ச். அப்போதும் எரிந்தால் பெடல் பக்கம் போங்கள். அங்கே சுவிட்சை இழுக்கும் ஸ்பிரிங் அதிக இறுக்கமாக இருக்கலாம்.

பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் சுவிட்ச் சரியாகிவிடும் என்கிறார்களே?

பெட்ரோல் வேண்டாம். பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் கேடு. சூடான என்ஜினுக்கு மேலே பெட்ரோலும் மின்பொறியும் சேர்வது அதைவிடக் கேடு. எலெக்ட்ரிகல் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் என்று ஒரு ஸ்பிரே கிடைக்கும். சாவியை எடுத்துவிட்டு, பட்டனைச் சுற்றி அடித்து, பட்டனைப் பலமுறை அமுக்கி அமுக்கி விடுங்கள். அழுக்கு கரைந்து வடியும். காய்ந்த பிறகு சோதியுங்கள்.

துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் அது விட்டுப்போகும் பிசுக்கில் தோட்டத்துச் செம்மண் தூசி ஒட்டி, சில வாரங்களில் பட்டன் மறுபடி சிக்கும். லீவர் மூட்டுக்குத் தடவும் கிரீஸும் பட்டனுக்குள் இறங்கக்கூடாது.

சாரல் நேரத்தில் பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிவிடுகிறேன். நல்லதுதானே?

இறுகக் கட்டினால் கெடுதல். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று, சுவிட்சின் செம்புக் கால்களில் பச்சை பூக்கும். அதைவிட, பை இழுபட்டு லீவரைச் சற்றே அழுத்திக்கொண்டிருக்கும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. குளிருக்காக ஹேண்டிலில் மாட்டும் கையுறைக் கவசங்களும் இதே வேலையைச் செய்வதுண்டு. மழைக்காலம் தொடங்கும் முன் வயர் முனைகளைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிச் செருகிவிடுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்பவரிடம், அந்த அழுத்தக் குழாயை லீவர் அடியில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தூக்குவாளியையும் மதியச் சாப்பாட்டுப் பையையும் வலது ஹேண்டிலில் தொங்கவிடுவதும் வேண்டாம். பையின் வார் சரியாக அந்த இரண்டு வயர்கள் மேல்தான் போய் உட்காரும்.

குமுளி மலையில் இரண்டாவது கியரில் என்ஜின் பிடிப்பிலேயே இறங்குகிறேன். பிரேக்கே தேவைப்படுவதில்லை. அப்புறம் விளக்கு எதற்கு?

நல்ல ஓட்டுநர் கேட்கும் கேள்வி. இறக்கத்தில் கியரில் இறங்குவதுதான் முறை. பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும், டிஸ்க்கில் திரவம் கொதிநிலைக்குப் போகும். ஆனால் கியரைக் குறைத்து வேகத்தை இறக்கும்போது பின்விளக்கில் ஒரு மாற்றமும் தெரியாது. உங்கள் வேகம் குறைந்தது உங்களுக்குத் தெரியும், என்ஜினுக்குத் தெரியும். பின்னால் வரும் ஜீப் ஓட்டுநருக்கு யார் சொல்வது?

இதற்குத்தான் முன்லீவர் உதவுகிறது. நன்றாக அமைந்த வண்டியில் லீவரைச் சற்றே தொட்டாலே, பிரேக் பிடிப்பதற்கு முன்பாகவே விளக்கு எரிந்துவிடும். கியரைக் குறைக்கும் நேரத்தில் ஒரு விரலால் லீவரைத் தொட்டு விட்டால் போதும், பிரேக் சூடாகாது, செய்தி போய்விடும். கார்த்திகை, மார்கழியில் இது இன்னும் அவசியம். சபரிமலை சீசன் நெரிசலில் ஏறுகிற வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும், இறங்குகிற வாகனங்களைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். அப்போது லோயர் கேம்ப் இறக்கத்தில் உங்கள் பின்னால் வருகிறவர் இந்த வளைவுகளையே முதல்முறையாகப் பார்க்கும் வெளியூர்க்காரராக இருக்கலாம், இரவு முழுக்கத் தூங்காதவராகவும் இருக்கலாம். மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்கள் தெரியும் இடத்தில் வேடிக்கை பார்த்தபடி ஓட்டுகிறவரும் உண்டு.

போடிமெட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் உங்கள் வண்டியில் பின்னாலிருந்து தெரிவதே அந்த ஒரு சிவப்புப் புள்ளிதான். அது கூடுவதும் குறைவதும்தான் பின்னால் வருபவருக்குக் கிடைக்கும் ஒரே கணக்கு.

மழையில் முன்பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் அதைத் தொடுவதே இல்லை.

வளைவுக்குள் வண்டி சாய்ந்திருக்கும்போது, ஈர இலைச்சருகின்மேல், திடீரென்று அழுத்தினால் வழுக்கும். அந்த அளவுக்கு அப்பா சொன்னது சரி. ஆனால் வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, ஆகவே நிறுத்தும் சக்தியின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்குகளையும் சீராகப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிறகு திரும்புங்கள்.

சோதனைச் சாவடிக்கு முன்னால் ஏற்றத்தில் வரிசையில் நிற்கும்போதும் யோசித்துப் பாருங்கள். வலது காலை ஊன்றி நிற்க நேர்ந்தால் பெடலை மிதிக்கக் கால் இல்லை. வண்டி பின்னால் உருளாமல் பிடித்துவைப்பதும் முன்லீவர், விளக்கை எரிய வைப்பதும் முன்லீவர்.

லீவரைப் பாதி இழுத்த பிறகுதான் எரிகிறது. எங்கே சரிசெய்வது?

பெடல் பக்கச் சுவிட்சில் சரிசெய்ய மரை இருக்கும். சுவிட்ச் உடலைப் பிடித்துக்கொண்டு மரையை மட்டும் திருப்ப வேண்டும், உடல் சேர்ந்து சுற்றினால் வயர் முறுக்கிக்கொள்ளும். முன்சுவிட்சில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. தாமதமாக எரிகிறது என்றால் சுவிட்ச் இருக்கையில் சரியாக அமரவில்லை, அல்லது பட்டன் மந்தமாக வெளியே வருகிறது.

டிரம் பிரேக்கில் இன்னொரு காரணமும் உண்டு. கேபிளை ஓர் இழைகூடத் தளர்வில்லாமல் முறுக்கி வைத்தால் விளக்கு எரிவதற்குள் பிரேக் பிடித்துவிடும். லீவர் நுனியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்காமல் சும்மா நகரும் தூரம், இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். முதலில் எரிய வேண்டும், பிறகு பிடிக்க வேண்டும்.

ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது.

வயர் ஹேண்டிலின் கழுத்துக்கு அருகில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அந்த இடம் முழுதாக மடங்கி விரிகிறது. மேலே பார்த்தால் உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். லீவரைப் பிடித்தபடி ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால் உறுதியாகிவிடும். முறுக்கி டேப் சுற்றுவது கொஞ்ச நாளைக்குத்தான். அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புது வயர் சேர்த்து, ஈயம் வைத்து, உறை போட்டு, ஹேண்டில் திரும்பும் அளவுக்குத் தளர்வு விடச் சொல்லுங்கள். எஸ்டேட் கொட்டகையில் வண்டி நிறுத்துகிறவர்கள் எலியையும் சந்தேகப்படலாம்.

பிரேக் பிடித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, பின்விளக்கு அணைகிறது. பேய் பிடித்தது போல் இருக்கிறது!

எர்த் கோளாறு. பல்பிலிருந்து திரும்பிப் போக வேண்டிய மின்சாரத்துக்குச் சரியான வழி இல்லாததால் மற்ற பல்புகளின் இழை வழியாக வழி தேடிக்கொள்கிறது. பின்விளக்கின் எர்த் வயர் சட்டத்தில் சேரும் திருகைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, இறுக்கிவிடுங்கள். சுவிட்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

விலையுயர்ந்த லீவர் மாற்றினேன். அன்றிலிருந்து பிரேக் லைட் போச்சு.

எதிர்பார்த்ததுதான். பட்டனை அழுத்த வேண்டிய சின்ன முனை, அழகு லீவர்களில் சில நேரம் குட்டையாகவோ நீளமாகவோ இருக்கும். குட்டையாக இருந்தால் பட்டன் அழுந்தாது, விளக்கு அணையாது. நீளமாக இருந்தால் பட்டன் விடுபடாது, எரியாது. பழைய லீவரைப் போட்டுப் பாருங்கள். சரியானால் புதிய லீவரைத் திருப்பிக் கொடுங்கள். விழுந்து வளைந்த லீவருக்கும் இதே விதி.

புதிய சுவிட்ச் போட்டாலும் சீக்கிரமே போய்விடுகிறது. டூப்ளிகேட் கொடுக்கிறீர்களா?

கோபப்படாமல் பதில் சொல்கிறேன். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பழைய சுவிட்சைக் கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருந்தால் அது மழைத்தண்ணீர் இல்லை, பிரேக் திரவம். மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்து, லீவர் அழுத்தும் இடத்தில் கசிந்து, அடியில் தொங்கும் சுவிட்சின்மேல் சொட்டுகிறது. இந்தத் திரவம் பெயின்ட்டையே உரிக்கக்கூடியது, சுவிட்ச் எம்மாத்திரம்?

இந்த நிலையில் நான் சுவிட்ச் விற்க மாட்டேன். மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றாமல் வண்டியை மலையில் ஏற்றவே கூடாது. திரவமும் மூடியில் எழுதியிருக்கும் வகையாகவே இருக்க வேண்டும். டாட் 3, டாட் 4 என்று இருக்கும் வண்டியில் சிலிக்கான் வகையான டாட் 5 ஊற்றக்கூடாது. இந்தத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நம் சாரலுக்கு அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

என் வண்டியில் லீவருக்கு அடியில் ஒன்றுமே இல்லை, பிரேக் குழாய் போல்ட்டிலிருந்து வயர் வருகிறது.

அது அழுத்தச் சுவிட்ச். பெரிய வண்டிகள் சிலவற்றிலும், வெளியில் வாங்கிப் பொருத்திய மாஸ்டர் சிலிண்டர்களிலும் இருக்கும். குழாயில் திரவ அழுத்தம் ஏறினால் எரியும். ஆகவே லேசாகத் தொட்டால் எரியாது. மேலே சொன்ன ஒருவிரல் வித்தைக்கு இது ஒத்துவராது. இரு வயர் சோதனை இதற்கும் பொருந்தும். ஆனால் மாற்றுவதென்றால் திரவம் வடியும், செம்பு வாஷர் புதிதாகப் போட வேண்டும், குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். போல்ட்டின் மரை அளவுகளும் ஒன்றுபோல் இருக்காது. வீட்டில் முயல வேண்டாம்.

பிரகாசமான பல்பு, அல்லது விட்டுவிட்டு மின்னும் எல்இடி போடலாமா?

21 வாட் பல்பு சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கிறது. சுவிட்சின் கால்கள் அந்த அளவுக்கு அமைந்தவை. அதிக வாட் போட்டால் கால்கள் கருகும், பின்விளக்கின் பிளாஸ்டிக் கண்ணாடியும் உருகி வளையும். எல்இடி மிகக் குறைவாகவே மின்சாரம் எடுக்கும், சுவிட்சுக்குச் சுகம். சரியான வகை, சிவப்புக் கண்ணாடிக்குள் போதிய வெளிச்சம் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். மின்னி மின்னி எரிவது எனக்குப் பிடிக்காது. பனியில் அது இண்டிகேட்டரா, பிரேக்கா, ஓரமாக நிற்கும் வண்டியா என்று பின்னால் வருபவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

புது வண்டியில் பெடலை மிதித்தாலே முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறதாமே. அப்புறம் முன்சுவிட்ச் எதற்கு?

2019 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் 125 சிசி வரையிலான புதிய வண்டிகளில் குறைந்தபட்சம் இந்த இணைப்பு பிரேக் இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி. இணைப்பு ஒருவழிதான். பெடல் முன்பிரேக்கையும் இழுக்கும். கைலீவர் முன்பிரேக்கை மட்டும்தான் இழுக்கும். கைலீவரைப் பிடித்தால் பெடல் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது.

ஸ்கூட்டர் செல்ஃப் எடுக்கவில்லை. மெக்கானிக் பிரேக் சுவிட்ச் என்கிறார். ஏமாற்றுகிறாரா?

இல்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பிரேக் பிடித்திருக்கிறீர்கள் என்பதை வண்டிக்குச் சொல்வது இந்தச் சுவிட்ச்தான். அடுத்த முறை மற்ற லீவரைப் பிடித்து முயலுங்கள். ஸ்டார்ட் ஆனால் மெக்கானிக் சொன்னது உண்மை.

மின்சார ஸ்கூட்டரில் இன்னும் ஒரு படி மேலே. பிரேக் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் சக்தியை நிறுத்தும் சைகையும் இங்கிருந்தே போகிறது. லீவர் திரும்பாமல் நின்றால் சார்ஜ் நிறைய இருந்தும் வண்டி நகராது. பேட்டரி போய்விட்டது என்று பயந்து வருகிறவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்விளக்கைத்தான்.

மலைமேல் போகும்போது பாதி வழியில் சுவிட்ச் போய்விட்டால்?

எரியாமல் போனால், முன்பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பெடலையும் லேசாக மிதித்து விளக்கை எரிய வையுங்கள். அணையாமல் போனால், லீவர் சரியாகத் திரும்புகிறது என்று உறுதி செய்துகொண்டு, முன்சுவிட்ச் வயர்களைக் கழற்றி, ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாக டேப் சுற்றிவிடுங்கள். பெடல் விளக்கு வேலை செய்யும்.

இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, "எரிந்துகொண்டே இருக்கட்டும், பாதுகாப்புத்தானே" என்று ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்போதும் எரியும் பிரேக் விளக்கு எதையும் சொல்வதில்லை. எரியாத விளக்கைவிட அது மோசம். பின்னால் வருகிறவர் அதை நம்பிக்கொண்டிருப்பார்.

கேரளா பக்கம் இதற்கெல்லாம் பிடிப்பார்களா?

பிரேக் விளக்கு வேலை செய்ய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருப்பது. குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதி.

சுவிட்ச் வாங்கிப்போய்ப் பொருந்தவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா?

பழைய சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வாருங்கள். ஒரே நிறுவனத்தின் டிரம் வண்டிக்கும் டிஸ்க் வண்டிக்கும் சுவிட்ச் வேறு வேறு. வண்டி பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பாதி நேரம் தவறாகத்தான் போகும். டிரம் வகையைக் கழற்ற, பிடிப்பானின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பூட்டு நாக்கை அமுக்கிக்கொண்டு வெளியே இழுக்க வேண்டும். பிளையரால் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் பாதி உள்ளேயே தங்கிவிடும். சாதாரண வண்டிகளுக்கு விலை நூறு ரூபாயைச் சுற்றித்தான் வரும்.

வயரைச் செருகி, லீவரைப் பிடித்து, விளக்கு எரிவதைக் கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு திருப்பி எடுப்பதில்லை. மின்சாமான், அதனால்தான்.